கல் படாமலே கண்ணாடி உடையுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டது. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சுட்டிப் பெண் எழுதியிருக்கிறாள்.

"மாமா, கோடை விடுமுறையில் காரில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். திண்டிவனம் தாண்டியதும் பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்று அப்பா வண்டியை ஓரம் கட்டினார். பார்த்தால், பின்பக்கக் கண்ணாடியையே காணோம்! சீட் முழுக்கக் குட்டிக் குட்டித் துண்டுகள். யாரும் கல் எறியவில்லை. எதுவும் மோதவில்லை. சும்மா இருந்த கண்ணாடி எப்படி மாமா உடையும்? இன்ஷூரன்ஸில் பணம் வருமா என்று அப்பா கேட்கிறார். அதையும் சொல்லுங்கள்."

சபாஷ்! பயந்து அழுதுவிட்டு மறந்துபோகாமல், 'எப்படி' என்று கேட்டாயே, அதுதான் விஞ்ஞானிக்கு உரிய குணம்.

இவள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். ஒன்று அறிவியல், மற்றது பணம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: உடைந்ததற்குக் காரணம் என்ன? அதைக் கண்டுபிடித்தால் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். எப்படி என்று பார்ப்போமா?

ஒரு கார், இரண்டு வகைக் கண்ணாடி

காரைச் சுற்றியிருக்கும் கண்ணாடி எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? இல்லை. முன்னால் இருப்பது ஒரு வகை. பெரும்பாலான கார்களில் கதவிலும் பின்னாலும் இருப்பது வேறு வகை.

முன் கண்ணாடி உண்மையில் ஒரு கண்ணாடி அல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனம். இரண்டுக்கும் நடுவே தெளிவான, ஒட்டும் தன்மையுள்ள பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அதன் கனம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. இதற்கு லேமினேட்டட் கண்ணாடி என்று பெயர். கல் பட்டால் விரிசல் விடும். ஆனால் துண்டுகள் நடுத்தாளில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். ஓட்டுநரின் முகத்தில் வந்து விழாது.

இந்த யோசனை எப்படிப் பிறந்தது தெரியுமா? 1903-ஆம் ஆண்டு. எட்வார் பெனடிக்டஸ் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். ஓவியர், வேதியியலாளர் இரண்டும் அவரே. ஒரு நாள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்று கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. எடுத்துப் பார்த்தார். குடுவையில் முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, உட்புறம் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. அந்தப் படலம்தான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909-இல் அவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். உடைந்த குடுவையைக் குப்பையில் போடுமுன் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார் பார், அந்த ஒரு நிமிடம் எத்தனை பேர் கண்ணைக் காப்பாற்றியிருக்கும்!

நம் நாட்டில் இப்போது காரின் முன் கண்ணாடி லேமினேட்டடாகத்தான் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

சரி, சுட்டிப் பெண்ணின் காரில் உடைந்தது எது? பின் கண்ணாடி. அது டெம்பர்ட் கண்ணாடி. கதை அங்கேதான் இருக்கிறது.

சுடச்சுட எடுத்து, காற்றால் அடித்து

முதலில் சாதாரணக் கண்ணாடி எப்படிப் பிறக்கிறது? மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் முதலியவற்றைக் கலந்து, 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே உருக்குகிறார்கள். அந்தக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிடுகிறார்கள். வெள்ளீயத்தின் மேற்பரப்பு சமதளமாக இருப்பதால், கண்ணாடியும் சமதளமாகப் பரவும். பில்கிங்டன் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1959-இல் இந்த முறையை உலகுக்கு அறிவித்தது. நம் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்த முறையில் கண்ணாடி செய்யும் பெரிய ஆலை இருக்கிறது.

இப்படி வந்த தகட்டைக் கார் ஜன்னல் அளவுக்கு வெட்டுகிறார்கள். துளை போட வேண்டுமானால் அதையும் முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். ஏன் முதலிலேயே? அதை மனதில் வைத்துக்கொள். பதில் தானாக வரும்.

பிறகு அந்தக் கண்ணாடியை உலையில் வைத்து 600 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். கண்ணாடி இளகிவிடும், ஆனால் ஓடாது. வெளியே எடுத்ததும் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான சிறு குழாய்களிலிருந்து குளிர்ந்த காற்றைப் பலமாக அடிக்கிறார்கள். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். இதைத்தான் டெம்பர் செய்வது என்பார்கள்.

அந்தச் சில நொடிகளில் உள்ளே நடப்பதைக் கவனி. காற்று படுவது வெளிப்பரப்பில். அதனால் வெளிப்பரப்பு முதலில் குளிர்ந்து, இறுகிவிடும். உள்பகுதி இன்னும் சூடாகவே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து உள்பகுதியும் குளிரும். குளிர்ந்தால் பொருள் சுருங்கும் என்று படித்திருக்கிறாய் அல்லவா? உள்பகுதி சுருங்கப் பார்க்கும். ஆனால் வெளியே இறுகிப்போன பரப்பு அதை விடாது.

உள்ளே இருப்பது இழுக்கும். வெளியே இருப்பது நெருக்குண்டு நிற்கும். இரண்டும் விட்டுக்கொடுக்காது. அப்படியே உறைந்துவிடும்.

புரிந்ததா? கொஞ்சம் குழப்பமாக இருந்தால், பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போவோம்.

அசையாத கயிறு

கயிறிழுக்கும் போட்டி. இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். இரண்டு அணியும் சம பலம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள். நடுவே கட்டிய சிவப்புத் துணி மட்டும் அசையவே இல்லை.

தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, "ஒன்றும் நடக்கவில்லையே" என்று தோன்றும். உனக்குத் தெரியும், கயிற்றில் எவ்வளவு விசை இருக்கிறது என்று. இப்போது யாராவது கத்தியால் கயிற்றை நடுவில் வெட்டினால்? இருபது பேரும் ஒரே நேரத்தில் மல்லாந்து விழுவார்கள். அவர்களைக் கீழே தள்ளியது கத்தியா? இல்லை. அவர்களே அதுவரை இழுத்துக்கொண்டிருந்த விசை.

டெம்பர்ட் கண்ணாடி அந்தக் கயிறுதான். வெளியிலிருந்து பார்த்தால் சும்மா இருக்கிறது. உள்ளே இரவும் பகலும் இழுபறி.

இந்த இழுபறியால் நமக்கு என்ன லாபம்? ஒரு விரிசல் வளர வேண்டுமானால் அது வாயைப் பிளக்க வேண்டும். வெளிப்பரப்பு நெருக்குண்டு இருப்பதால், சின்னக் கீறல் விழுந்தாலும் அதன் வாய் மூடியே கிடக்கும். அதனால்தான் அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட இது நான்கு, ஐந்து மடங்கு அதிகம் தாங்குகிறது.

ஆனால் அந்தக் காவல் பரப்பு மெல்லியது. 4 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியில், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர்தான். கீறல் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அங்கே இருக்கும் இழுவிசை கீறலைப் பிடித்துப் பிளக்கும். ஒரு விரிசல் இரண்டாகும், இரண்டு நான்காகும். கண்ணாடி முழுதும் பொடிப்பொடியாகிவிடும்.

இப்போது சொல், துளையை ஏன் முதலிலேயே போட்டார்கள்? சரியாகச் சொன்னாய்! டெம்பர் செய்த பிறகு துளை போட்டால், துளைக் கருவி உள்ளே நுழைந்ததுமே எல்லாம் நொறுங்கிவிடும்.

நொறுங்குவதும் நம் நன்மைக்கே. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகள் வரும். டெம்பர்ட் கண்ணாடி விரல் நகத்தைவிடச் சிறிய, மழுங்கிய கட்டிகளாக உடையும். ஐரோப்பிய விதிப்படி, சோதனைக்காக இதை உடைத்துப் பார்க்கும்போது, 5 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகளாவது இருக்க வேண்டும். 40-க்குக் குறைந்தால், துண்டுகள் பெரியவை, ஆபத்தானவை என்று அந்தக் கண்ணாடியை ஒதுக்கிவிடுவார்கள்.

சுட்டிப் பெண்ணின் சீட் முழுக்கக் குட்டித் துண்டுகள் கிடந்தனவே, அது கண்ணாடி தன் கடமையைச் சரியாகச் செய்ததன் அடையாளம்.

அரசர் கைக்கு வந்த விளையாட்டுப் பொருள்

இந்த இழுபறியை மனிதர்கள் கார் வருவதற்கு வெகு முன்பே பார்த்துவிட்டார்கள். உருகிய கண்ணாடிச் சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால், தலை பருத்து, வால் நீண்ட ஒரு துளியாக இறுகும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலின் நுனியை விரலால் ஒடித்தால் போதும், முழுத் துளியும் வெடித்துத் தூளாகிவிடும்.

1660-ஐ ஒட்டி இளவரசர் ரூபர்ட் இந்தத் துளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, அரசர் இரண்டாம் சார்லஸுக்குக் கொடுத்தார். அரசர் அவற்றை ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளிடம் கொடுத்து, ஆராயச் சொன்னார். அவர்களில் ஒருவரான ராபர்ட் ஹூக் 1665-இல் வந்த தம் நூலில் இவற்றைப் பற்றி எழுதினார். இன்றும் இவற்றுக்கு 'இளவரசர் ரூபர்ட்டின் துளிகள்' என்றுதான் பெயர்.

வால் ஒடிந்ததும் விரிசல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது? சீனிவாசன் சந்திரசேகர், முனவ்வர் சௌத்ரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1994-இல் அதிவேகக் கேமரா வைத்துப் படம்பிடித்தார்கள். நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டரும், சில சமயம் அதற்கு மேலும்!

ஒரு கணக்குப் போடு. உன் கார் ஜன்னலின் அகலம் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள். அதே வேகத்தில் விரிசல் ஓடினால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக எவ்வளவு நேரம்? நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் "விரிசல் விட்டதைப் பார்த்தேன்" என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. முதலில் சத்தம், பிறகு துண்டுகள். அவ்வளவுதான்.

(இந்தத் துளிகளை நீ வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. கண்ணுக்கு ஆபத்து.)

கயிற்றை வெட்டியது யார்?

இனி துப்பறியும் வேலை. காரணமில்லாமல் எதுவும் உடையாது. காரணம் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். சந்தேகப்பட வேண்டியவர்களை வரிசையாக நிறுத்துவோம்.

முதல் ஆள், சின்னக் கல். நெடுஞ்சாலையில் லாரியின் டயர் ஒரு ஜல்லியைத் தெறிக்கவிடுகிறது. அது முன்னாலிருந்து வந்தால், உன் கார் வேறு எதிரே பாய்ந்து போகிறது. இரண்டு வேகமும் சேர்ந்து அடிக்கும். கல் சிறியதாக இருந்தாலும், கூரிய முனை பட்டால் போதும். பார்ப்பதற்குள் அது போய்விடும். "எதுவும் மோதவில்லை" என்று நீ சொல்வாய். மோதியது உனக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இரண்டாம் ஆள், பழைய கீறல். கண்ணாடியின் ஓரம்தான் அதன் பலவீனமான இடம். கதவை ரிப்பேர் செய்தபோது ஸ்க்ரூ டிரைவர் இடித்திருக்கலாம். கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தில் மணல் சிக்கி, தினமும் ஓரத்தைச் சுரண்டியிருக்கலாம். இப்படி விழுந்த கீறல் அன்றே உடைக்காது. காற்றில் உள்ள ஈரம் கீறலின் நுனியில் புகுந்து, கண்ணாடியின் பிணைப்புகளை மெதுவாக அறுக்கும். கீறல் விழுந்த நாள் ஒன்று, உடைந்த நாள் வேறொன்று. புரிகிறதா? அதனால்தான் பலருக்கும் இது சும்மா உடைந்ததுபோலத் தோன்றுகிறது.

மூன்றாம் ஆள், வெப்பம். மே மாத வெயிலில் நின்ற காரின் கண்ணாடி கொதிக்கும். உள்ளே ஏசியை முழு வேகத்தில் வைத்தால், ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் சுடும். நல்ல டெம்பர்ட் கண்ணாடி இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே கீறல் விழுந்த கண்ணாடி தாங்காது. முன் கண்ணாடியில் ஒரு சின்னப் பொத்தல் இருந்து, அதன் மேல் வெயிலும் ஏசியும் மாறி மாறிப் பட்டால், விரிசல் கோடு நீண்டுகொண்டே போவதை நீயே பார்க்கலாம்.

நான்காம் ஆள், அதிர்ச்சியும் முறுக்கும். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது காரின் உடல் லேசாக முறுகும். டிக்கியை ஓங்கிச் சாத்தினால் உள்ளே இருக்கும் காற்று கண்ணாடியை ஒரு தள்ளு தள்ளும். கண்ணாடியைச் சரியாகப் பொருத்தாமல் ஒரு மூலையில் இரும்பு அழுத்திக்கொண்டிருந்தால், இந்தச் சின்னத் தள்ளே போதும்.

ஐந்தாம் ஆள் ரொம்ப விசித்திரமானவன். கண்ணாடி பிறந்தபோதே உள்ளே ஒளிந்துகொண்டவன். பெயர் நிக்கல் சல்ஃபைடு. கண்ணாடியை உருக்கும்போது துளி நிக்கல் எங்கிருந்தோ கலந்து, கந்தகத்தோடு சேர்ந்து ஒரு மிக நுண்ணிய மணியாகிவிடும். இந்த மணிக்கு இரண்டு வடிவம் உண்டு. ஏறக்குறைய 380 டிகிரிக்கு மேலே ஒரு வடிவம், கீழே வேறொரு வடிவம். டெம்பர் செய்யும்போது கண்ணாடி சடாரென்று குளிர்வதால், மணிக்கு மாற நேரம் கிடைப்பதில்லை. சூட்டு வடிவத்திலேயே மாட்டிக்கொள்கிறது. பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக மாறும். மாறும்போது சற்றே பருக்கும். அது இழுவிசை உள்ள நடுப்பகுதியில் இருந்தால், கதை முடிந்தது.

இது பெரிய கட்டடங்களில் பொருத்தும் தடித்த டெம்பர்ட் கண்ணாடியில் நன்கு தெரிந்த தொல்லை. அதனால் கட்டடக் கண்ணாடிகளை முன்கூட்டியே பல மணி நேரம் சூடான அறையில் வைத்துப் பார்ப்பார்கள். உடையப் போவது அங்கேயே உடைந்துவிடட்டும் என்றுதான். காரில் கண்ணாடி உடைந்தால் முதல் நான்கு பேரை விசாரித்துவிட்டுத்தான் இந்த ஐந்தாம் ஆளிடம் வர வேண்டும்.

உடைந்த உடனே

கண்ணாடி உடைந்தால் ஓட்டுபவர் சடன் பிரேக் போடக் கூடாது. பின்னால் வருபவர் மோதிவிடுவார். மெதுவாக வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் ஒதுங்கி, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட வேண்டும்.

உன் வேலை என்ன? அசையாமல் உட்கார். கையால் துண்டுகளைத் தட்டாதே. கண்ணைக் கசக்காதே. பெரியவர்கள் கதவைத் திறந்த பிறகு மெதுவாக இறங்கி, சட்டையையும் தலைமுடியையும் குனிந்து உதறு. துண்டுகள் மழுங்கியவை என்றேன், கீறவே கீறாது என்று சொல்லவில்லை.

அடுத்து, துப்பறிவாளரின் வேலை. பெருக்கித் தள்ளுமுன் அப்பாவோ அம்மாவோ போனில் படம் எடுக்கட்டும். தூரத்திலிருந்து முழு வண்டி, வண்டி எண் தெரியும்படி. பிறகு கிட்டப் போய், ரப்பர் பீடிங்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத் துண்டுகள். சீட்டில், தரையில் கல் ஏதும் கிடக்கிறதா? பெயின்ட்டில் புதிதாக அடிபட்ட தடம் இருக்கிறதா? எத்தனை மணி, எந்த இடம், எவ்வளவு வேகம், ஏசி ஓடியதா? இதையெல்லாம் ஒரு தாளில் நீ எழுதிவை. உன் கையெழுத்து அழகாக இருக்குமே!

துண்டுகள் விழாமல் நின்றால் இன்னொன்றும் பார்க்கலாம். விரிசல்கள் எல்லாம் ஓர் இடத்திலிருந்து கிளம்பியிருக்கும். அந்த இடம்தான் பிறப்பிடம். அது ஓரத்தில் இருந்தால் பழைய கீறலோ முறுக்கோ இருக்கலாம். நடுவில் சின்னப் பொத்தலோடு இருந்தால் கல். நடுவில், சற்றுப் பெரிய இரண்டு துண்டுகள் பட்டாம்பூச்சி இறக்கைபோல அருகருகே நின்றால், நிக்கல் சல்ஃபைடு மீது சந்தேகம் வரும்.

இன்ஷூரன்ஸ் கேட்பதும் அதே கேள்விதான்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம்.

நம் நாட்டில் கார் இன்ஷூரன்ஸ் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இது மட்டும் இருந்தால் நம் கண்ணாடிக்கு ஒரு ரூபாயும் வராது. மற்றொன்று, நம் வண்டிக்கு நேரும் சேதத்தையும் சேர்த்து ஏற்பது. ஊரில் இதை 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்பார்கள். நம் வண்டிக்கான இந்தச் 'சொந்தச் சேத'க் காப்பீடு இருந்தால்தான் கண்ணாடிப் பேச்சையே எடுக்க முடியும்.

அந்தப் பாலிசியில் எந்தெந்தக் காரணத்துக்குப் பணம் என்று ஒரு பட்டியல் இருக்கும். தீ, இடி, வெள்ளம், திருட்டு, கலவரம் என்று போகும். அதில் ஒரு வரி: வெளியிலிருந்து தற்செயலாக நேர்ந்த காரணத்தால் வந்த சேதம். தெறித்த கல், விழுந்த மரக்கிளை எல்லாம் இதில் வரும். இன்னொரு பக்கத்தில், எதற்குப் பணம் இல்லை என்ற பட்டியல். தேய்மானமும், வண்டியின் பாகம் தானாகப் பழுதாவதும் அதில் இருக்கும்.

கவனித்தாயா? காரணம் வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே இருந்ததா? நாம் இவ்வளவு நேரம் கேட்டதும் இதைத்தானே!

சிக்கல் இங்கேதான் வருகிறது. "கல் ஏதும் படவில்லை, தானாக உடைந்தது" என்று சொன்னால், "அப்படியானால் கண்ணாடியில் குறை, கார் கம்பெனியைக் கேளுங்கள்" என்று இன்ஷூரன்ஸ் பக்கம் சொல்லக்கூடும். வாரண்டி கேட்டுப் போனால், "வெளியிலிருந்து ஏதோ பட்டிருக்கும், இன்ஷூரன்ஸைக் கேளுங்கள்" என்று அவர்கள் சொல்லக்கூடும். வண்டிக்காரர் நடுவில் நிற்பார்.

அதற்குப் பயந்து பொய் சொல்லக் கூடாது. பார்க்காத கல்லைப் பார்த்தேன் என்று எழுதுவது தவறு. தெரிந்தால் கோரிக்கையையே தள்ளிவிடுவார்கள். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: "நெடுஞ்சாலையில் இத்தனை வேகத்தில் போனோம், சத்தம் கேட்டது, உடைந்தது, இதோ படங்கள்." காரணத்தை இன்ஷூரன்ஸ் பக்கத்துச் சர்வேயர் ஆராயட்டும். அது அவர் தொழில். அவர் நேரில் வந்தோ படங்களைப் பார்த்தோ முடிவு சொல்வார். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்த எழுத்து இருந்தால்தான் மேலே முறையிட முடியும்.

இன்னொரு முக்கியமான செய்தி. கண்ணாடியை மாற்றிவிட்டு இன்ஷூரன்ஸுக்குச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

உனக்கு ஒரு கணக்கு

பணம் வரும் என்றாலும், வாங்குவது லாபமா? இதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். நோட்டை எடு.

பழைய பாகத்துக்குப் புதிய பாகம் போடும்போது, பொதுவாகத் தேய்மானம் என்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழியும். கண்ணாடிக்கு மட்டும் கழிவே கிடையாது. எத்தனை வயதானாலும் கண்ணாடி தேய்வதில்லை அல்லவா? ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்குக்குப் பாதிதான் வரும்.

அடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு தொகையை நாம் ஏற்க வேண்டும். இன்ஜின் அளவு 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு அது 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

மூன்றாவது, போனஸ். ஒரு வருடம் இழப்பீடு கேட்காவிட்டால் மறு வருடம் சொந்தச் சேதக் காப்பீட்டுக்காக நாம் கட்டும் பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். பிறகு 25, 35, 45, கடைசியில் 50. ஒரு முறை கேட்டுவிட்டால், பூஜ்யத்துக்கு வந்து மறுபடி ஏற வேண்டும்.

இப்போது கணக்கு. போனஸ் இல்லாமல் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள். அப்பாவுக்கு 50 சதவீத போனஸ் இருக்கிறது, 5,000 கட்டுகிறார். இழப்பீடு வாங்கினால் அடுத்தடுத்த வருடங்களில் எவ்வளவு கட்டுவார்? 10,000, 8,000, 7,500, 6,500, 5,500. ஆறாம் வருடம்தான் மறுபடி 5,000. கூடுதலாகக் கட்டியது எவ்வளவு? 5,000, 3,000, 2,500, 1,500, 500. கூட்டு. 12,500 ரூபாய்!

பின் கண்ணாடி மாற்ற 4,000 ரூபாய் ஆகிறது என்றால், 1,000 கழித்து 3,000 வரும். 3,000 வாங்க 12,500 கொடுப்பதா? கைக்காசைப் போட்டு மாற்றிவிடலாம். முன் கண்ணாடிக்கு 25,000 ஆகிறது என்றால்? 24,000 வரும். அப்போது கேட்பதே சரி. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் ஏற்பாடு பாலிசியில் இருந்தால் கணக்கு மாறிவிடும். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முன் கண்ணாடியில் விழுந்த சின்னப் பொத்தலை உடனே கவனித்தால் செலவு இன்னும் குறையும். ரெசின் என்ற பிசினை ஊற்றி, புற ஊதா ஒளியில் இறுக வைத்து அடைத்துவிடுவார்கள். டெம்பர்ட் கண்ணாடிக்கு அந்த வைத்தியம் கிடையாது. உடைந்தால் புதிதுதான்.

இந்த வாரத்து வேலை

நிறுத்தியிருக்கும் காரின் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் ஒரு சின்ன முத்திரை இருக்கும். ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர எண் அதில் இருக்கிறதா என்று தேடு. எது லேமினேட்டட், எது டெம்பர்ட் என்று கண்டுபிடி. வீட்டில் போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி இருந்தால், மாலை வெளிச்சத்தில் அதைப் போட்டுக்கொண்டு காரின் பின் கண்ணாடியைப் பார். வரிசை வரிசையாக மங்கலான புள்ளிகள் தெரியலாம். அன்று காற்றடித்த குழாய்களின் தடம் அது. உள்ளே நடக்கும் இழுபறியை நீ கண்ணாலேயே பார்க்கிறாய்!

அப்படியே வீட்டில் இருக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கு. மூன்றை மட்டும் தேடு: சொந்தச் சேதத்துக்குக் காப்பீடு உண்டா, போனஸ் எத்தனை சதவீதம், அந்தப் போனஸைக் காப்பாற்றும் ஏற்பாடு உண்டா. கண்டுபிடித்ததைப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டு. கண்ணாடி உடைந்த பிறகு பாலிசியைத் தேடுவதைவிட, உடையாதபோதே படித்து வைப்பது நல்லது.